டாலிவர் மைதானத்துக்கு ஒரு மகத்தான தருணம்

போன வசந்தத்தில் டாலிவர் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானத்துக்கு நூறு வயது ஆனது. இந்த நூறு வருஷத்தில் அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் நடந்ததில்லை. அதனால்தான் அதற்கென்று தனியாக ஒரு வரலாற்று அலுவலகம் தேவைப்பட்டது.

அலுவலகம் என்றதும் ஏதோ ஓர் அறை, ஒரு மேசை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மாடி, முகப்பெல்லாம் கண்ணாடி. மைதானத்தின் இடதுபக்கக் காலரியை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டினார்கள். 'மைதானப் பாரம்பரிய மையம்' என்று பெயர். அந்தக் காலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த ஜனங்கள் இப்போது மையத்துக்குள் போய் அந்தக் காலரியின் புகைப்படத்தைப் பார்க்கலாம். வெயில் படாது என்பது உண்மைதான்.

மையத்தின் தலைவர் டாக்டர் பிரென்டிஸ் கல்வர்ஹேல். கிழக்கே எங்கிருந்தோ வந்தவர். எங்கள் கான்சாஸ் காற்றில்கூடக் கலையாத முடி, கழுத்தில் பட்டாம்பூச்சி டை. அவருக்குக் கீழே நினைவுகளுக்கு ஒரு துணை இயக்குநர், உணர்ச்சிகளுக்கு ஒரு துணை இயக்குநர், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர். ஆடுகிற பையன்களைவிட மையத்தில் ஆள் அதிகம். அணிக்குக் கோச் ரேய்மர் ஒருவர்தான். வெளியூர் ஆட்டத்துக்கு அவரே பஸ்ஸும் ஓட்டுவார்.

நான் வெர்னா பாங்க்ராட்ஸ். மெயின் தெருவில் ஆணி, பெயின்ட், கோழிவலை விற்கிற கடை எங்களுடையது. உள்ளூர் ஆட்டங்களுக்கு நான்தான் அதிகாரபூர்வ ஸ்கோரர். கூலி ஒரு ஹாட்டாக், ஒரு கோப்பை ஆறிப்போன காபி. ஆனால் ஒரு விஷயத்தில் என் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. பந்தை அடித்துவிட்டு ஒருத்தன் முதல் தளத்துக்கு, அதாவது ஃபர்ஸ்ட் பேஸுக்கு, ஓடிப் பத்திரமாக நின்றுவிட்டான் என்றால், அவன் நல்லா அடித்ததால் போனானா, பிடிக்கவேண்டியவன் கோட்டைவிட்டதால் போனானா என்று நான்தான் சொல்ல வேண்டும். முதலாவது ஹிட். இரண்டாவது தப்பு. நான் சொன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லெமுவல் கெயின்ஸ் விசையைத் தட்டுவார், ஸ்கோர் பலகையில் அந்த விளக்கு எரியும். பல்கலைக்கழகத் தலைவரே வந்து குட்டிக்கரணம் போட்டாலும் அந்த விளக்கை மாற்ற முடியாது. விதி அப்படி.

மையத்தின் தரைத்தளத்தில் ஒரு வரலாற்றுச் சுவர் வைத்தார்கள். திறந்த அன்று நானும் லெமுவலும் போய்ப் பார்த்தோம். இந்த இடம் எதுவுமே விளையாத உவர் நிலம், அதனால்தான் பல்கலைக்கழகத்துக்குச் சும்மா கிடைத்தது. சுவரில் 'யாருக்கும் வளைந்துகொடுக்காத மண்' என்று இருந்தது. முதல் மரக்காலரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அப்போதைய தலைவரின் மைத்துனர். மூன்றாவது வருஷமே ஆட்டத்தின் நடுவில் அது பொத்தென்று உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேர் கால் முறிந்து கிடந்தார்கள். சுவரில், 'இந்த ஆண்டு ரசிகர்கள் மைதானத்துக்கு மேலும் நெருக்கமானார்கள்'. அடுத்த காலரி தீப்பிடித்து எரிந்தது. அது 'கதகதப்பான விடைபெறல்'.

வலதுபக்க மூலையில் ஒரு காலத்தில் பலகை வேலி இருந்தது. கறுப்பர்கள் உள்ளே வரக் கூடாது, வேலிக்கு அந்தப்பக்கம் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். லெமுவலின் அப்பா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் ஆட்டம் பார்த்தார். அந்த வேலியின் படத்துக்குக் கீழே 'காற்றுத் தடுப்பு' என்று எழுதியிருந்தார்கள்.

லெமுவல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"பரவால்ல வெர்னா. எங்கப்பாவுக்கு ஒரு பட்டம் குடுத்திருக்காங்க," என்றார். "காத்து."

சுவரின் நடுவில், ஓர் ஆள் உயரத்துக்கு, பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. மேலே 'மகத்தான தருணம்' என்று பொறித்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எல்லா மைதானத்துக்கும் அப்படி ஒரு தருணம் இருக்கிறதாம். நமக்கும் இருந்தாக வேண்டும் என்று முதலில் தகட்டைச் செய்துவிட்டார்கள். தருணத்தைத் தேடிக் குழு போட்டார்கள். எப்போதோ ஒரு செனட்டர் இந்த மைதானத்தில் தொப்பியைத் தவறவிட்டதாக ஒரு தகவல் கிடைத்து மையமே துள்ளிக் குதித்தது. விசாரித்தால் அது பக்கத்து ஊர். அவர் தவறவிட்டதும் தொப்பி இல்லை, ரயில். தகடு காலியாகவே கிடந்தது. அதற்கு நன்கொடை கொடுத்த பெரிய மனிதர் ஒவ்வொரு தடவை வரும்போதும் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனார்.

இப்போது வெல்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெல்டன் அன்ரூ கோதுமை விவசாயி வீட்டுப் பையன். இடதுகைக்காரன், காது பெரிசு, பேச்சு குறைவு. யாரும் அவனை அணிக்கு அழைக்கவில்லை. அவனாக வந்து கேட்டு, போனால் போகிறதென்று சேர்த்துக்கொண்டார்கள். நாலு வருஷம் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். அங்கே செய்ய வேறு வேலை இல்லாததால் தன் கையுறைக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனிடம் இருக்கும் கையுறை அது. தோல் வெண்ணெய் மாதிரி மிருதுவாகிவிட்டது, போட்டுக்கொண்டால் கையோடு பிறந்தது போல இருக்கும். படிப்பு முடிகிறது. ஜூனில் அறுவடைக்குப் போனால் அப்புறம் இந்தப் பக்கமே வரப்போவதில்லை. ஒரே ஓர் ஆட்டமாவது முதலிலிருந்து கடைசிவரை பந்தெறிய வேண்டும் என்பது அவன் ஆசை. அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கோச் முதல் ஹாட்டாக் விற்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

நூற்றாண்டு விழா அன்று பிரேக்கெட் கல்லூரியோடு ஆட்டம். அன்று காலையில் அணியின் நல்ல பிட்சர்கள் நாலு பேரையும் மையம் எடுத்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய கம்பளி உடுப்பைப் போட்டுக்கொண்டு நன்கொடையாளர் விருந்தில் அவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். 'உயிருள்ள காட்சிப்பொருள்' என்று அட்டை வேறு.

"சார், இன்னிக்கு ஆட்டம் இருக்கு. இவங்கதான் பந்து போடணும்," என்றார் கோச் ரேய்மர்.

"கோச், நூறு வருஷமா ஆட்டம் நடந்துக்கிட்டுதான் இருக்கு. விருந்து இன்னிக்கு ஒரு நாள்தான்," என்றார் கல்வர்ஹேல்.

கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் வெல்டன் கையுறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரூ, எந்திரி. நீதான்."

"நான் என்ன பண்ணணும் கோச்?"

"பந்து போடுடா! வேறென்ன, என் பஸ்ஸையா ஓட்டச் சொல்றேன்?"

போட்டான். ஐயோ, எப்படிப் போட்டான்! வேகம் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் பந்து மட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் சொன்ன பேச்சு கேட்காத ஆடு மாதிரி ஒரு பக்கமாக விலகியது. பிரேக்கெட் பையன்கள் காற்றை வெட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸ், நாலாவது, ஐந்தாவது. ஒருத்தன்கூட ஒரு ஹிட் அடிக்கவில்லை.

ஒன்பது இன்னிங்ஸும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. பந்தெறிகிற பையன் பக்கத்தில் போய் உட்காரக் கூடாது, அவனோடு பேசக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. டாலிவர் மைதானத்தில் அது நூறு வருஷத்தில் ஒருமுறைகூட நடந்ததில்லை. நானும் முடிகிறவரை பெயரைச் சொல்லப்போவதில்லை. 'அது' என்றே சொல்கிறேன்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்தபோது பெஞ்சின் ஒரு கோடியில் வெல்டன் தனியாக இருந்தான். மற்ற அத்தனை பேரும் இன்னொரு கோடியில் ஒருத்தர் மடியில் ஒருத்தராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இரண்டு இன்னிங்ஸாகவே கழிப்பறைக்குப் போக வேண்டும். எழுந்திருக்கவில்லை. லெமுவல் மூன்றாவது இன்னிங்ஸில் கடித்த சாண்ட்விச்சை முழுங்காமலும் கீழே வைக்காமலும் கையிலேயே வைத்திருந்தார்.

"மழை வருமா வெர்னா?"

"வராது."

"கோதுமைக்கு வந்தா நல்லதுதான்."

"ஆமா, கோதுமைக்கு நல்லதுதான்."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம்.  அந்தப் பையன் பெரிய காது இரண்டையும் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, ஒளிப்பானேன்.

அப்போது மாடியில் இருந்த எங்கள் ஸ்கோர் அறையின் கதவு திறந்தது. கல்வர்ஹேல்.

"மிஸஸ் பாங்க்ராட்ஸ், இங்க ஒரு நோ-ஹிட்டர் நடந்துக்கிட்டிருக்கறதா மையத்துக்குத் தகவல் வந்திருக்கு. நோ-ஹிட்டர். நீங்க உறுதிப்படுத்த முடியுமா?"

லெமுவல் கையிலிருந்த சாண்ட்விச் கீழே விழுந்தது.

"அடக் கருநாக்கே!" என்றார். "சார், தோஷம் போக மரத்தத் தொடுங்க. எந்த மரமா இருந்தாலும் சரி. சீக்கிரம்!"

கல்வர்ஹேல் சுற்றிப் பார்த்தார். "இந்த அறையில மரம் எதுவும் இல்லையே. போன வருஷம் எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல மாத்திட்டோம். பாரம்பரியத் தோற்றத்துக்காக."

"உங்களுக்கு என்ன சார் வேணும்?" என்றேன்.

"தருணம் வேணும். தகடு காலியா இருக்கு. அதுக்கு நன்கொடை கொடுத்தவர் கீழ விருந்துல இருக்கார். நாலு மணிக்கு அவருக்கு விமானம். இந்தப் பையன் எப்ப முடிப்பான்?"

"இன்னும் மூணு இன்னிங்ஸ் இருக்கு. முடியறப்ப முடியும்."

"அவ்வளவு நேரம் தாங்காது," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஏழாவதோட முடிச்சுக்கலாம்."

"எதை?"

"வரலாற்றை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று சோம்பல் முறித்து ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். ஒரு பாட்டு நேரம்தான். வெல்டன் ஏழாவதிலும் ஆட்டமிழக்க வேண்டிய மூன்று பேரையும் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜனங்கள் எழுந்தார்கள். பாட்டு வரவில்லை. ஒலிபெருக்கியில் கல்வர்ஹேல் குரல் வந்தது.

"சீமான்களே, சீமாட்டிகளே! இந்த மைதானத்தின் நூறாண்டு வரலாற்றில் முதல் நோ-ஹிட்டரை நீங்கள் கண்டுகொண்டிருக்கிறீர்கள்!"

மைதானம் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிரேக்கெட் பையன்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்குள் ஊழியர்கள் சிவப்புக் கம்பளத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். பந்தெறிகிற மேட்டைச் சுற்றி வெல்வெட் கயிறு கட்டினார்கள். நினைவுகளுக்கான துணை இயக்குநர் வெள்ளை உறை போட்ட கையோடு வந்து, வெல்டனின் கால் பதிந்த இடத்து மண்ணைக் கரண்டியால் தோண்டி ஜாடியில் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு சட்டியைப் புதைக்கிற அளவுக்குக் குழி விழுந்தது.

அம்பயர் ஓடிவந்தார். "என்ன சார் இது? ஆட்டம் முடியல! எல்லாரும் வெளிய போங்க!"

உணர்ச்சிகளுக்கான துணை இயக்குநர் அவர் தோளில் ஒரு பட்டுத் துண்டைப் போட்டு, கௌரவ வரலாற்றாளர் என்று அறிவித்தார். ஜனங்கள் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார்கள். துண்டோடு சண்டை போடுவது எப்படி என்று தெரியாமல் அம்பயர் அப்படியே நின்றார்.

வெல்டனை மேட்டுக்கு அழைத்துவந்தார்கள். தொப்பியைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அடுத்து கையுறையைக் கேட்டார்கள்.

"இது எதுக்கு சார்?" என்றான் வெல்டன்.

"காட்சிக்கு. வியர்வை காயறதுக்குள்ள மூடிடணும்," என்றார் கல்வர்ஹேல்.

"சார், இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் இருக்கு."

"தம்பி, உனக்கு ரெண்டு இன்னிங்ஸ்தான் தெரியுது. எங்களுக்கு அடுத்த நூறு வருஷம் தெரியுது."

"சரி சார், ஆனா நான் எதை வச்சுப் பிடிக்கிறது?"

அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மையத்தில் இருந்த பழைய கையுறை ஒன்று, நூறு வருஷத்துக்கு முந்தையது, நரம்பெல்லாம் இற்றுப்போனது. அதை வெல்டன் போட்டுக்கொண்டு ஆடினால் நூற்றாண்டுத் தொடர்ச்சி என்றார்கள். அது இடதுகையில் மாட்டுகிற கையுறை. வெல்டன் எறிவதே இடதுகையால்தான். அணியில் இருந்த இன்னொரு இடதுகைக்காரன் மையத்துக்குள் கம்பளி உடுப்பில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். பிரேக்கெட் அணியிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, "அண்ணே, என்னோடதப் போட்டுக்கங்க, நானும் லெஃப்டுதான்," என்று நீட்டினான். எதிரணிப் பையன்! கல்வர்ஹேல் அதை வாங்கவே விடவில்லை.

"வெளியாள் பொருள் நம்ம வரலாற்றுக்குள்ள வரக் கூடாது," என்றார்.

பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் தாக்ஸ்டன் ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"நண்பர்களே! ஆட்டம் என்பது என்ன? தூசி, வியர்வை, கூச்சல். அது முடிந்த பிறகு எஞ்சுவதுதான் விலைமதிப்பற்றது. இந்தப் பல்கலைக்கழகம் என்றைக்கும் முடிந்துபோனவற்றின் பக்கமே நின்றிருக்கிறது. உயிரோடிருக்கும் மாணவர்கள் விடுதி ஒழுகுகிறது என்பார்கள், ஆசிரியர் போதவில்லை என்பார்கள். சுவரில் இருக்கும் மாணவர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இன்று இந்த இளைஞர்... (பக்கத்தில் குனிந்து பெயரைக் கேட்டுக்கொண்டு) ...வில்லியம் அன்ரூ, உயிரோடிருப்பவர்களை விட்டு நம் பக்கம் வந்துவிட்டார். அவரை வரவேற்போம்!"

அடுத்து கல்வர்ஹேல். "சிலர் கேட்கிறார்கள், ஆட்டம் முடியவில்லையே என்று. வரலாறு முடிவுக்காகக் காத்திருந்தால் யாரும் நன்கொடை கொடுக்க மாட்டார்கள். என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்வது கடைநிலை வேலை. என்ன நடந்திருந்தால் நமக்கு நல்லது என்பதைப் பாதுகாப்பதே இந்த மையத்தின் பணி!"

அப்புறம் தகட்டுக்குக் கொடுத்தவர் பேசினார். அப்புறம் அவர் மருமகன். வெல்டன் அந்தக் காற்றில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பந்தெறிகிற கை ஆறிப்போனால் மரக்கட்டை ஆகிவிடும். ஊரில் எல்லோருக்கும் தெரியும் இது. மேடையில் இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. 

"நாசமாப் போறவனுங்க," என்றேன்.

"மெதுவாப் பேசு. உன்னையும் சுவர்ல ஏத்திடப் போறாங்க," என்றார் லெமுவல்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவர்கள் போனபோது நாலு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. குழியை மூடாமல் போனார்கள். வெல்டன் காலால் மண்ணைத் தள்ளித் தானே மூடினான். வலதுகையில் அந்த இடதுகைக் கையுறையைத் திருப்பி மாட்டிக்கொண்டான். கட்டைவிரல் சுண்டுவிரல் இடத்தில் போய் முட்டி நின்றது.

எட்டாவது இன்னிங்ஸை அவன் எப்படிக் கடந்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பந்து முன்போல் விலகவில்லை. பிரேக்கெட் பையன்கள் பலமாக அடித்தார்கள். ஆனால் நம் பையன்கள் விட்டால்தானே! ஒருத்தன் சுவரில் போய் மோதிப் பிடித்தான். இன்னொருத்தன் மறந்துபோன சிவப்புக் கம்பளம் தடுக்கி விழுந்தபடியே பிடித்தான். ஒன்பதாவதில் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். இன்னும் ஒரே ஒருத்தன்.

அந்த ஒருத்தன், கையுறையை நீட்டினானே, அதே பையன்.

வெல்டன் எறிந்தான். அவன் அடித்தான். பந்து நேராக, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், வெல்டன் முகத்துக்கே வந்தது. வெல்டன் கையைத் தூக்கினான். பந்து கையுறைக்குள் வந்தது. இற்றுப்போன நரம்பு பட்டென்று அறுந்து, பந்து அந்தப்பக்கம் போய் விழுந்து உருண்டது. பிரேக்கெட் பையன் முதல் தளத்தில் போய் நின்றான்.

 எல்லாத் தலையும் மேலே என் பக்கம் திரும்பியது. ஹிட் என்றால் 'அது' போச்சு. தப்பு என்றால் அது அப்படியே இருக்கும். தப்பு எத்தனை நடந்தாலும் அதைக் கலைக்காது.

கதவைத் தள்ளிக்கொண்டு கல்வர்ஹேல் வந்தார், பின்னாலேயே மூச்சிரைக்கத் தலைவர்.

"தப்புன்னு போடுங்க மிஸஸ் பாங்க்ராட்ஸ். பந்து அவன் கையில வந்துச்சு, விட்டுட்டான். தெளிவான தப்பு."

"யாரோட தப்பு சார்?"

"அந்தப் பையனோடதுதான். வேற யாரோடது?"

"கையுறையப் பிடுங்கிக்கிட்டது யாரு?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. விழா முடிஞ்சதுமே தகட்டுல பொறிச்சாச்சு," என்றார் தலைவர். "பித்தளையில பொறிச்சத அழிக்க முடியாது. பலகையில எரியறது வெறும் விளக்குதானே?"

அவர்களுக்காக இல்லை, அந்தப் பையனுக்காக என் நாக்கு நுனிவரை 'தப்பு' வந்துவிட்டது. நாலு வருஷம் காத்திருந்தவன். அவன் கையுறை இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது அவனுக்குக் கிடைத்துவிடும். ஆனால் திருடினது அவர்கள், தப்பு அவன் பெயரில் எரியும். அதைப் போட்டால் இந்தப் பட்டாம்பூச்சி டை இங்கே நின்று சிரிக்கும். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை.

கீழே பார்த்தேன். வெல்டன் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தளத்தில் நின்ற பையனைக் கையால் காட்டினான். பிறகு இரண்டு கையையும் சேர்த்து மட்டை சுழற்றுவது போல் ஒரு வீச்சு வீசிக் காட்டி, தலையை ஆட்டினான். நல்லா அடிச்சான், அவனோடது.

"ஹிட்," என்றேன் லெமுவலிடம். 

லெமுவல் விசையைத் தட்டினார். பலகையில் ஹிட் விளக்கு எரிந்தது.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரேக்கெட் பெஞ்சும் எழுந்து தட்டியது. வெல்டன் தொப்பியைத் தொடக் கையைத் தூக்கி, தொப்பி இல்லாததால் காதைத் தடவிக்கொண்டான். அடுத்து வந்தவனை மூன்றே பந்தில் அனுப்பினான். ஆட்டம் நம்முடையது.

தகட்டை யாரும் தொடவில்லை. விழா நடந்த நேரத்தில் அது உண்மையாக இருந்தது, அந்த நேரத்தோடு வரலாறு மூடப்பட்டது, அதற்குப் பிறகு நடந்தவை மையத்தின் அதிகார வரம்புக்குள் வராது என்று கல்வர்ஹேல் விளக்கம் கொடுத்தார். தகட்டில் 'வில்லியம்' என்றே இருக்கிறது.

திங்கட்கிழமை வெல்டன் கடைக்கு வந்தான்.

"வெர்னாம்மா, என் கையுறையக் கேக்கப் போறேன். அறுவடை முடிஞ்சு ஊர்ல ஆடணும். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

கடையைப் பூட்டிவிட்டு அவனோடு போனேன். கல்வர்ஹேல் எழுந்து கைகுலுக்கி நாற்காலி போட்டார்.

"அந்தக் கையுறை நோ-ஹிட்டர் போட்டவருக்குச் சொந்தமானது. அவர் வந்து கேட்டா குடுக்க வேண்டியதுதான்," என்றார். "நீங்க நோ-ஹிட்டர் போட்டீங்களா மிஸ்டர் அன்ரூ?"

வெல்டன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"இல்ல சார். ஒரு ஹிட் போச்சு."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. அப்ப உங்ககிட்ட எப்படிக் குடுக்க முடியும்?"

"யோவ், அவன் போட்டேன்னு சொன்னா குடுத்துடுவியா?" என்று கத்தினேன்.

"போட்டேன்னு சொன்னா அவர் நம்ம வரலாற்று நாயகர். வரலாற்று நாயகரோட பொருள் மையத்துலதான் இருக்கணும். அவரும் அதைத்தான் விரும்புவார்."

 இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று வெல்டனுக்குத் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. எழுந்து கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

"சார், அதுக்கு வாராவாரம் எண்ணெய் போடணும்," என்றான். "விளக்குச் சூட்டுல வச்சிருக்கீங்க. தோல் வெடிச்சிடும்."

"கவலைப்படாதீங்க. எங்ககிட்ட பாதுகாப்பு நிபுணர்கள் இருக்காங்க."

அறுவடை முடிந்ததும் ஊரிலிருந்து மையத்துக்கு ஒரு பார்சல் அனுப்பினான். அவன் பெஞ்சில் உட்கார்ந்து தேய்ப்பானே, அந்த எண்ணெய் டப்பா. மூடியில் கட்டைவிரல் கறைகூட அப்படியே இருந்தது. 'கொஞ்சமாத் தொட்டு, உள்ளங்கைப் பக்கத்திலிருந்து தேய்க்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு.

போன வாரம் நானும் லெமுவலும் போய்ப் பார்த்தோம். கையுறை காய்ந்து, உள்ளங்கையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிளந்து கிடக்கிறது. அதே கண்ணாடிப் பெட்டிக்குள், அதற்குப் பக்கத்திலேயே, வெல்வெட் துணி விரித்து எண்ணெய் டப்பாவை வைத்திருக்கிறார்கள். 'நாயகரின் எண்ணெய். திறக்கப்படாதது.'